ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனி டைரி. ஜனவரியில் டீலர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்தது போக மிஞ்சியதை ஜூனில் எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். ஐந்து மாதம் வெற்றுத்தாள். ஒரு நாளுக்கு இடம் போதாவிட்டால் ஜனவரிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்.

முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, பதவி கேட்டிருக்கிறது. மாதேஷ். ஓ பாசிட்டிவ். பதவிக்கு நேரே கோடு போட்டுவிட்டேன். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. நாற்காலி கம்பெனியுடையது. நான் கான்ட்ராக்ட் ஏஜென்சியுடையவன். நிரந்தர ஆட்களுக்குக் கழுத்தில் அடையாள அட்டைக்கு நீல வார், எங்களுக்கு ஆரஞ்சு. கேன்டீனில் நீலத்துக்குப் பன்னிரண்டரை மணி, ஆரஞ்சுக்கு ஒன்றே கால். ஒன்றே காலுக்குப் பொரியல் இருக்காது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி என்னை நிரந்தரமாக்க ஏற்பாடு செய்திருப்பதாக மேனேஜர் கிருபாகரன் சொல்லியிருக்கிறார். டிக்கெட்டுகள் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தபடி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டிக்கெட் என்றால் புகார். யாருக்காவது பிரின்டர் ஓடவில்லை என்றால் ஒரு டிக்கெட்.

இன்று ஒரு டிக்கெட் டிசைன் பிரிவு பிலோமினாவுடையது. பதினாறு வருடம் பம்ப் பாகங்களுக்கு டிராயிங் போடுபவர். உக்கடத்தில் ஸ்கூட்டர் சறுக்கிக் கால் முறிந்து, உள்ளே தகடு வைத்து, மூன்று மாதம் போத்தனூர் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருக்கிறார்.

"சார், வி.பி.என். பச்சை காட்டுது. ஆனா டிசைன்1 திறக்கவே மாட்டேங்குது. பாதை காணோம்ங்குது."

"சார் எல்லாம் வேண்டாங்க மேடம். மாதேஷ்னு சொல்லுங்க."

"அப்ப எனக்கும் மேடம் வேண்டாம். இங்க மேடம்னா பேங்க்ல இருந்து லோன் வேணுமான்னு கேக்கறவங்கதான் கூப்பிடுவாங்க."

டிசைன்1 என்பது எல்லா டிராயிங்குகளும் இருக்கும் சர்வர் பெட்டியின் பெயர். அதற்கு ஓர் எண்ணும் உண்டு. நாம் பெயரைச் சொன்னால், கணினி அந்தப் பெயருக்கு உரிய எண்ணை யாரிடமாவது விசாரித்துக்கொண்டு அங்கே போகும். ஆபீசுக்குள் இருந்தால் விசாரிக்க எங்கள் இயந்திரம் இருக்கிறது. வீட்டிலிருந்து வி.பி.என். என்கிற ஆபீஸ் இணைப்பு வழியாக வரும்போது அது வீட்டு இணையக்காரனிடம் போய்க் கேட்கிறது. அவனுக்கு டிசைன்1 யாரென்று எப்படித் தெரியும்? எண்ணைப் போட்டால் பெட்டி திறக்கிறது. ஆனால் டிராயிங்குகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பது பெயரை வைத்து. எண் வழியாகத் திறந்தால் பம்ப் இருக்கிறது, உள்ளே சுழல வேண்டிய இம்பெல்லரைக் காணோம்.

சரியான வழி, வி.பி.என். அமைப்பிலேயே எங்கள் இயந்திரத்திடம் கேட்கும்படி மாற்றுவது. அதற்கான பாஸ்வேர்டு வி.பி.என். பராமரிக்கும் வெளி ஏஜென்சியிடம் இருக்கிறது. கிருபாகரனிடம் கேட்டேன். "மெயில் போடு. ஒரு வாரத்துல பண்ணுவாங்க" என்றார். டிக்கெட்டுக்கு இருப்பது நான்கு மணி நேரம்.

ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டால் கணினி அதன்பின் யாரையும் விசாரிக்காது. எழுதியதை அப்படியே நம்பும். அதில் கை வைக்கக் கூடாது என்று இங்கே விதி. பிலோமினாவின் திரையை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு ஒரு வரி எழுதினேன். டிசைன்1 திறந்தது.

"அட! என்ன மாயம் பண்ணுனீங்க தம்பி?"

"சின்ன வேலதாங்க்கா."

டிக்கெட்டில் 'மறுதொடக்கம் செய்யப்பட்டது, சரியானது' என்று எழுதி மூடினேன். இருபத்திரண்டு நிமிடம்.

ஜூன் 6, வெள்ளி

வி.பி.என். மாற்றத்துக்கு மெயில் போட வேண்டும். நாளை.

ஜூன் 11, புதன்

டிசைன் தலைமை தண்டபாணிக்கு மவுஸ் மாற்றப் போனேன். மேஜைக்கு அடியில் நான் குனிந்திருந்தபோது கேட்டார்.

"எந்த ஊரு தம்பி நீ?"

"மேச்சேரி பக்கமுங்க சார்."

"மேச்சேரில எங்க? ஊருக்குள்ளயா, தள்ளியா?"

இந்தக் கேள்வி எதற்கென்று மேஜைக்கு அடியில் இருப்பவனுக்குத் தெரியும். "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லதாங்க சார்" என்றேன். மேச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் யாரும் குடியில்லை. அவருக்கு விடையும் வரவில்லை, மேலே கேட்க வாயும் வரவில்லை. மவுஸை இரண்டு முறை சொடுக்கிப் பார்த்துவிட்டு, "இது பழசாட்டம் இருக்குது" என்றார். புதிது.

ஜூன் 15, ஞாயிறு

விடுமுறை நாளில் வேலை. பழைய டிராயிங் பெட்டிக்கு ஏழு வயது. புதுப் பெட்டி வந்துவிட்டது. கிருபாகரனும் நானும் காலை எட்டு மணிக்குத் தொடங்கி எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினோம். புதியதற்கும் டிசைன்1 என்றே பெயர், எண் மட்டும் வேறு. பெயர் அதேதான் என்பதால் நாளைக் காலை வருகிறவர்களுக்கு மாறியது தெரியவே தெரியாது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் எடுக்க வசதியாகப் பழைய பெட்டியை ஒரு மாதம் ஓடவிட்டிருக்கிறோம்.

மதியம் கிருபாகரன் பிரியாணி வாங்கித் தந்தார். "சுத்தமான வேலைடா. ஒருத்தன்கூட ஃபோன் பண்ண மாட்டான், பாரு" என்றார்.

ஜூன் 16, திங்கள்

யாரும் ஃபோன் பண்ணவில்லை.

ஜூன் 27, வெள்ளி

பிலோமினா அக்கா அழைத்தார்.

"தம்பி, தண்டபாணி சார் டிராயிங் வரலைங்கறாரு. நான் பதினேழாந் தேதியே சேவ் பண்ணிட்டேன். என் கண்ணு முன்னாடி இருக்குது."

இங்கே அவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. வீட்டு இணையம் மெதுவாக இருந்தால் வந்து சேர நேரமாகும் என்றேன். வி.பி.என்.னை நிறுத்தி மறுபடி போடச் சொன்னேன். இது நாங்கள் எல்லோருக்கும் சொல்வது. பாதிப் பேருக்குச் சரியாகிவிடும், மீதிப் பேருக்கு அலுத்துவிடும்.

"ஒண்ணு கேக்கட்டுமா தம்பி? புதுசா ரெண்டு ட்ரெய்னி எடுத்திருக்காங்களே, அவங்க பேனா பிடிக்கறதே இல்லையா? ரெண்டு வாரமா பொது ஃபோல்டர்ல ஒரு ஃபைல் ஏறல. பதினஞ்சாந் தேதிக்கு அப்புறம் செத்த வீடாட்டம் கெடக்குது."

சிரித்தேன். ட்ரெய்னிகள் அப்படித்தான் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

தண்டபாணி எங்கள் பிரிவுக்கே வந்தார். ஏ.சி.க்கு நேராக நின்றுகொண்டு எல்லோர் காதிலும் விழும்படி பேசினார்.

"மூணு வாரத்துல அந்தம்மாட்ட இருந்து ஒரு டிராயிங் வரல. கேட்டா அனுப்பிட்டேங்குது. ஸ்கிரீன்ஷாட் வேற. ஸ்கிரீன்ஷாட்டுல நான்கூட மாருதி கார் டிசைன் பண்ணிக் காட்டுவேன். கால்தான ஒடஞ்சுது, கையுமா?"

கிருபாகரன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்காததை யாரும் கவனிக்கவும் இல்லை.

மெயிலில் அனுப்பச் சொல்லலாமே என்றேன். டிராயிங் எதுவும் மெயிலில் வெளியே போகக் கூடாது என்பது வாடிக்கையாளர்களோடு ஒப்பந்தமாம். விதியைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பக்தி.

மூன்று மாதம் வீட்டிலிருந்து ஒருத்தி நிம்மதியாக வேலை செய்தால் இவர்களுக்குப் பொறுக்காது. கண்ணெதிரே உட்கார்ந்து, இவர் நடந்துபோகும்போது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி எழுந்திருக்கப் பார்க்கும் பாவனை காட்டினால்தான் அது வேலை. அந்த நாற்காலி சத்தம் கேட்காமல் இவருக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை.

ஜூலை 9, புதன்

பிலோமினா அக்கா மறுபடியும். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

"திங்கக்கிழமை நாலு மணிக்கு மீட்டிங் வெச்சிருக்காரு தம்பி. அதுக்குள்ள டிராயிங் எங்கன்னு காட்டணுமாம். இல்லாட்டி ஹெச்.ஆருக்கு எழுதிருவாராம். முப்பத்தெட்டு போட்டிருக்கேன். கால நீட்டிக்கிட்டு, மடியில பலகை வெச்சு. எனக்கு இந்த வேலை போச்சுன்னா இந்த வயசுல இந்தக் காலோட யாரு எடுப்பா?"

"போகாதுங்க்கா. திங்கக்கிழமை மத்தியானம் உங்க சிஸ்டத்த நானே உக்காந்து பாக்கறேன்."

"நீங்க ஒருத்தர்தான் ஃபோனை எடுக்கறீங்க" என்றார்.

ஜூலை 14, திங்கள்

மழை. வேறொன்றும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று எம்.டி. வந்தார். செக்யூரிட்டி மாணிக்கத்தைப் பதினொரு மணியிலிருந்து ஒன்றரை வரை கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். கார் வரும்போது சல்யூட் தவறக் கூடாதாம். நான்கு நாளாகக் கொளுத்துகிற வெயில். ஐம்பத்தெட்டு வயது ஆள். கார் கண்ணாடி கறுப்பு. சல்யூட்டை உள்ளே யார் பார்த்தார்களோ தெரியாது. இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். இந்த நாட்டில் நிற்பதற்கென்று தனியாக ஒரு ஜாதி இருக்கிறது, அதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம், ஆரஞ்சு வார் போதும்.

மாலையில் கொஞ்சம் பராமரிப்பு வேலை. பழைய பெட்டியில் தங்கிவிட்ட நாற்பத்து மூன்று கோப்புகளைப் புதியதற்கு மாற்றினேன். பிலோமினா அக்காவின் லேப்டாப்பிலும் ஒரு சின்னப் பராமரிப்பு. அவர் அப்போது இருக்கையில் இல்லை என்று நினைக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது. இனி டிராயிங் இருக்கும்.

ஜூலை 16, புதன்

சரியாகவில்லை.

தண்டபாணி காலையில் ஃபோல்டரைத் திறந்திருக்கிறார். நாற்பத்து மூன்று டிராயிங்குகள். அத்தனைக்கும் உருவாக்கிய தேதி ஜூலை 15, மாலை ஐந்து நாற்பது. கோப்பை வேறு பெட்டிக்கு நகலெடுத்தால் உருவாக்கிய தேதி அன்றையதாக விழும். எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

மதியம் கேன்டீன் வாசலில் அவர் ஹெச்.ஆர். ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம் ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை மீட்டிங்ல மிரட்டுன உடனே செவ்வாக்கிழமை சாயங்காலம் நாப்பத்துமூணு டிராயிங் தொப்புனு விழுகுது. ஒரு ஆளு போடற வேலையா இது? வெளிய எவனுக்கோ குடுத்து வரைஞ்சு வாங்கியிருக்குது. நம்ம டிராயிங் இப்ப எவன் எவன் கைல இருக்குதோ."

வேலை செய்யாதவள் என்ற இடத்திலிருந்து ஒரே நாளில் திருடி என்ற இடத்துக்கு வந்துவிட்டார்.

அக்கா ஃபோனில் வாதாடியிருக்கிறார். கடைசியாகத் திருத்திய தேதியைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஜூன் பதினேழு, ஜூன் பத்தொன்பது என்று இருக்கிறதே என்று. அதற்குத் தண்டபாணி, "ஏம்மா, பொறக்கறதுக்கு முன்னாடியே புள்ளைக்கு மொட்டை அடிச்சீங்களா?" என்றாராம். டிசைன் பிரிவே சிரித்ததாம்.

ஜூலை 18, வெள்ளி

ஹெச்.ஆர். எங்கள் பிரிவிடம் எழுத்தில் கேட்டது. ஜூன் 15 முதல் ஜூலை 15 வரை டிராயிங் பெட்டியிலோ வி.பி.என்.னிலோ கோளாறு ஏதும் இருந்ததா?

கிருபாகரன் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'எங்கள் பதிவேட்டின்படி மேற்கண்ட காலத்தில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை.' பதிவாகவில்லை என்பது உண்மை. அதில் ஒரு பொய்யும் இல்லை. நான்தான் எல்லா டிக்கெட்டையும் 'சரியானது' என்று மூடியிருக்கிறேனே.

கையெழுத்து அவருடையது. நான் தட்டச்சு மட்டும்.

ஜூலை 21, திங்கள்

அக்காவுக்கு நோட்டீஸ் போய்விட்டது. பணியில் அலட்சியம், கம்பெனி ஆவணங்களை வெளியாருக்குக் கொடுத்தது. தற்காலிக நீக்கம். ஜூலை 29 செவ்வாய் பத்தரை மணிக்கு ஹெச்.ஆர். அறையில் விசாரணை. ஆதாரம் இருந்தால் கொண்டு வரலாம்.

நான்கு முறை அழைத்தார். மீட்டிங்கில் இருந்தேன்.

ஜூலை 23, புதன்

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மெஸ்ஸில் எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள்.

இன்று கிருபாகரனிடம் போனேன்.

"சார், பிலோமினா அக்கா விஷயத்துல ஒண்ணு சொல்லணும்..."

"கதவச் சாத்து."

சாத்தினேன்.

"உக்காரு. நீ என்ன சொல்லப் போறன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த நாப்பத்துமூணு ஃபைலுக்கும் ஓனர் யாருன்னு பாத்தேன். ஐ.டி. அட்மின்னு இருக்குது. அந்த பாஸ்வேர்டு இந்த பில்டிங்ல ரெண்டு பேருக்குத் தெரியும். பதினஞ்சாந் தேதி நான் சென்னைல இருந்தேன். உன்ன ஏதாச்சும் கேட்டனா?"

"இல்லீங் சார்."

"கேட்டிருந்தா நீ சொல்லலாம். கேக்கல. ஹோஸ்ட்ஸ்ல யாரும் கை வெக்கறதில்லைன்னு ஆடிட்டருக்கு எழுதிக் குடுத்தது யாரு? நான். இப்ப நீ வாயத் தொறந்தா உன் வேலை மட்டுமா போகும்?"

"அக்கா வேலை போகுதுங்க சார்."

"அது எப்பவோ போயாச்சுடா. அந்த ரெண்டு ட்ரெய்னிய மே மாசமே எதுக்கு எடுத்தாங்க? அந்தம்மா ஒரு ஆள் சம்பளத்துல ரெண்டு பேரு. தண்டபாணி ஒரு காரணம் தேடிட்டு இருந்தாரு, கெடச்சுது. நீ இல்லாட்டி வேற ஒண்ணு கெடச்சிருக்கும். ஆகஸ்ட் ஒண்ணு லெட்டர் டைப் ஆயிருச்சு. நானே பாத்தேன். போய் டீ குடி."

டீ குடித்தேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. காரணத்தைத் தேடியவர்கள் அவர்கள். பதினாறு வருடம் உழைத்தவளை ஒரு காலுக்காகத் தூக்கி எறிகிற கூட்டம் இது. இவர்களுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்? இதற்குப் பொறுப்பு தண்டபாணி, ஹெச்.ஆர்., எம்.டி. கறுப்புக் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும். அந்தப் பட்டியலில் ஆரஞ்சு வார்க்காரன் எங்கே வருகிறான்?

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

பழைய பெட்டிக்கு ஒரு மாதம் முடிந்து பத்து நாளாகிவிட்டதாம். அழித்துப் பழைய இரும்புக்காரனிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. அந்தப் பெட்டியில் நாற்பத்து மூன்று டிராயிங்குகளும் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றும் உருவான தேதியோடு. ஜூன் 17, ஜூன் 19, ஜூன் 20, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட.

'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று இயந்திரம் கேட்டது. மனிதர்களைப் போல் அல்ல. இரண்டு முறை கேட்டது.

டிக்கெட் மூடியாகிவிட்டது. ஒரு மணி பத்து நிமிடம்.

ஜூலை 26, சனி

விசாரணை முடியும்வரை லேப்டாப் கம்பெனி வசம் இருக்க வேண்டுமாம். வாங்கிவர என்னை அனுப்பினார்கள். வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன். "நீதான் அந்தம்மாவுக்குப் பழக்கம்" என்றார் கிருபாகரன்.

போத்தனூரில் ரயில்வே லைனை ஒட்டிய சந்து. ஓட்டு வீடு. அக்காவை இன்றுதான் நேரில் பார்த்தேன். குரலை வைத்துப் பெரிய உடம்பு என்று நினைத்திருந்தேன். மெலிந்த பெண். வாக்கரைப் பிடித்து எழுந்து வந்து கதவைத் திறந்தார். லேப்டாப் பையில் வைத்துத் தயாராக இருந்தது. சார்ஜர் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"இவ்வளவு சின்னப் பையனா? நான் மீசை வெச்ச ஆளா நெனச்சுட்டு இருந்தேன். உக்காருங்க தம்பி."

மேஜையில் தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்கள், கிளிப் போட்டு. ஒவ்வொரு தாளிலும் அன்று முடித்த டிராயிங்கின் எண். ராகு காலத்துக்கு மேலே இம்பெல்லர், எமகண்டத்துக்குக் கீழே ஷாஃப்ட்.

"ஹெச்.ஆருக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன். இது உங்க கையெழுத்துதான, செல்லாதுன்னுட்டாங்க. ஆபீஸ் பக்கத்துல இருந்து ஏதாச்சும் வேணுமாம். தேதி போட்ட ஒரு காகிதம். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி."

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அவர் எதிரில் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்தார்.

"ஜூன் மூணாந் தேதி நோட்பேடுல ஒரு வரி எழுதுனீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். டிசைன்1னு எழுதிப் பக்கத்துல நம்பர். அப்புறம் ஜூலை பதினஞ்சு சாயங்காலம் காபி போட்டுட்டு வந்து உக்காந்தா மவுஸ் தானா நகருது. அதே ஃபைலு. அந்த வரி போச்சு. அடுத்த நாள் பாத்தா ட்ரெய்னிகளோட ஃபைல் பூராவும் என் கண்ணுக்குத் தெரியுது. ஒரு மாசத்துது. பதினாறு வருசமா ஆயிரம் பாகத்தை ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாக்கறவ நான். இதப் பொருத்த மாட்டனா?"

டம்ளரை மேஜையில் வைத்தேன்.

"நீங்க வேணும்னு செய்யல. அது எனக்குத் தெரியும். உதவி பண்ணத்தான் எழுதுனீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பதினாலாந் தேதி நாலு மணி மீட்டிங். அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க்கா. பதினஞ்சாந் தேதிதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச உடனே சரி பண்ணத்தான்..."

ஒரு ரயில் போனது. முடியும்வரை காத்திருந்தார்.

"அப்ப சரி" என்றார். "தெரிஞ்சுட்டே சொல்லாம இருந்தீங்களோன்னு பத்து நாளா அதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துது. செவ்வாக்கிழமை வந்து சொல்லுவீங்களா தம்பி? அந்த வரி நான் எழுதுனதுன்னு. அவ்வளவுதான். திட்டுவாங்க, விட்டுருவாங்க."

"வர்றேங்க்கா."

வாசல்வரை வாக்கரோடு வந்தார். மழை வருகிற மாதிரி இருக்கிறது, லேப்டாப் நனையாமல் பாருங்கள் என்று ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்.

ஜூலை 28, திங்கள்

சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். பத்தரை மணி. இரண்டாவது மாடி.

ஜூலை 29, செவ்வாய்

டிக்கெட் பதினொன்று. எல்லாவற்றையும் முடித்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நீல வார் வந்துவிட்டது. புது அட்டையில் ஃபோட்டோ பழையதுதான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனேன். இன்று பீன்ஸ் பொரியல். அடுத்த மேஜையில் தண்டபாணி. என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க தம்பி, நம்ம ஆளாயிட்டீங்க" என்றார். வாங்க என்று அவர் என்னைச் சொன்னது இதுதான் முதல் முறை. "தேங்க்ஸுங்க சார்" என்றேன். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, எழுந்திருக்கப் பார்க்கும் பாவனையும் காட்டினேன். உடம்பு தானாகவே செய்தது.

கிருபாகரன் சொன்னார். "அந்தம்மா ராஜினாமா எழுதிக் குடுத்துருச்சு. செவ்வாக்கிழமை ஒரு மணி நேரம் உக்காந்திருந்துது. யாரோ வருவாங்கன்னு சொல்லிட்டு இருந்துதாம். அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருச்சு. ராஜினாமான்னா அனுபவச் சான்றிதழ் குடுப்பாங்கல்ல. சுமுகமா முடிஞ்சுது."

இரண்டு ட்ரெய்னிகளில் ஒருத்திக்கு டைபாய்டு, வீட்டிலிருந்து வேலை. வி.பி.என். பச்சை, டிசைன்1 திறக்கவில்லை. இந்த முறை தண்டபாணியே கிருபாகரனை அழைத்தார். கிருபாகரன் வெளி ஏஜென்சியை அழைத்தார். அவர்கள் அங்கிருந்தே அமைப்பை மாற்றினார்கள். இனி யார் வீட்டிலிருந்து பெயரைச் சொன்னாலும் எங்கள் இயந்திரம் விடை சொல்லும். ஹோஸ்ட்ஸில் எதையும் எழுத வேண்டியதில்லை.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று.

டைரியைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். அக்கா கேட்ட தேதி போட்ட காகிதம் இதுதான். தேதியைக் கம்பெனியே அச்சடித்திருக்கிறது, பெயரோடும் முத்திரையோடும். ஜூன் 3இல் அந்த வரி இருக்கிறது. ஜூன் 15இல் பெட்டி மாற்றியது இருக்கிறது. செவ்வாய்க்கிழமை முழுவதும் இது என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது, இரண்டு மாடிக்குக் கீழே.

ஜூலை 14 பக்கம் மேலே ஒரு வரியோடு காலியாக இருக்கிறது.

அன்று மூன்று மணிக்கு, சாப்பிட்டு வருகிறேன் என்று அக்கா எழுந்துபோன பின் அவர் திரையை எடுத்து, டிசைன்1 என்ற பெயருக்கு என்ன எண் வருகிறது என்று பார்த்தேன். பழைய பெட்டியின் எண் வந்தது. ஹோஸ்ட்ஸைத் திறந்தேன், என் வரி இருந்தது. பழைய பெட்டியைத் திறந்தேன், டிராயிங்குகள் இருந்தன. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான்கு மணி மீட்டிங்கில் தண்டபாணி என்னை ஸ்பீக்கரில் அழைத்தார். அந்தப் பக்கம் போத்தனூரிலிருந்து அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார், ரயில் போகும் சத்தம் கேட்டது. "தம்பி, உங்க பெட்டில ஏதாச்சும் பிரச்சினையா? இருந்தா இப்பவே சொல்லிரு" என்றார் தண்டபாணி. மரியாதையாகவே கேட்டார். "இல்லீங் சார். எல்லாம் சரியா இருக்குது" என்றேன்.

அன்று மழை பெய்யவில்லை.